இடதுகைக் கிட்டாரும் கால் மில்லிமீட்டரும்

வனஜா சிவப்புப் பொட்டு வைத்தால் வைத்ததுதான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காருக்குப் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனி. அதில் கடைசிப் பரிசோதனை மேசையில் வனஜா உட்கார்ந்து இருபத்தோரு வருடம் ஆகிறது. அவள் முன்னால் எப்போதும் இரண்டு சுருள் ஸ்டிக்கர் இருக்கும். பச்சைப் பொட்டு ஒட்டினால் சரக்கு லாரி ஏறும். சிவப்புப் பொட்டு ஒட்டினால் பழைய இரும்போடு சேரும். ஒட்டிய சிவப்பை அவள் பிய்த்ததாகச் சரித்திரமே இல்லை. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் முதலாளியே மேசைக்கு வந்து, “இந்த ஒரு பெட்டியை மட்டும் விட்டுடும்மா” என்று கெஞ்சினாராம். அவள் அவருடைய சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டி அனுப்பிவிட்டாள். சட்டைப் பை என்பது என் கைச்சரக்கு. மற்றதெல்லாம் நடந்தது.

அவளுக்கு எல்லாமே இடது கை. மைக்ரோமீட்டரைத் திருகுவதும் இடது கை, கொசு அடிப்பதும் இடது கை. ஆனால் எழுதுவது வலது கையால். ஒன்றாம் வகுப்பில் ஒரு டீச்சர் அவளுடைய இடது கையை அவளது சடை ரிப்பனாலேயே பெஞ்சுக் காலோடு கட்டிவிட்டு, “பீச்சாங்கையால எழுதினா சரஸ்வதி ஓடிப்போயிடுவா” என்று சொல்லி, ஒரு வருடம் முழுக்க அப்படியே உட்காரவைத்தார். சரஸ்வதி ஓடவில்லை. வனஜாவின் கையெழுத்துதான் ஓடிப்போயிற்று. இன்றைக்கும் அவள் எழுதுவதை அவளே இரண்டு முறை படித்துப் பார்ப்பாள்.

இப்படிப்பட்டவள் நாற்பத்தேழு வயதில் கிட்டார் கற்றுக்கொள்ள ஆரம்பித்ததற்குக் காரணம் சங்கீத ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். அக்கா மகள் கவிப்பிரியாவை முகப்பேரில் ஒரு கிட்டார் வகுப்பில் சேர்த்துவிட்டது வனஜாதான். மூன்று மாதக் கட்டணத்தையும் முன்னாலேயே கட்டியாயிற்று. கவிப்பிரியா இரண்டாவது வாரமே விரல் வலிக்கிறது என்று நின்றுவிட்டாள். கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்று வனஜா தானே போய் உட்கார்ந்தாள். மாஸ்டர் முகமது ஆசிக் கிட்டாரைக் கையில் கொடுத்ததும் அவள் அதைத் தன்னையறியாமல் திருப்பிப் பிடித்தாள். ஆசிக் உள்ளே போய், யாரோ ஒரு மாணவர் விட்டுவைத்திருந்த இடதுகைக் கிட்டார் ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். அன்றைக்கு முதன்முதலாக, வனஜாவின் இடது கை ஒரு வேலை செய்தது, யாரும் அதைத் திட்டவில்லை. மூன்று மாதம் என்று ஆரம்பித்தது எட்டு மாதம் ஆயிற்று.

போன வாரம் அந்த மாணவர் வந்து தன் கிட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“அக்கா, திங்கக்கிழமை புது பேட்ச் ஆரம்பம்” என்றார் ஆசிக். “உங்க சொந்தக் கிட்டாரோட வாங்க. இல்லேன்னா வலது கையில முதல்லேருந்து ஆரம்பிச்சிடலாம். எல்லாரும் அப்படித்தான் பழகிக்கிறாங்க.”

“ஒரு தரம் கட்டினாங்க சார் இந்தக் கையை” என்றாள் வனஜா. “இன்னொரு தரம் நானே கட்ட மாட்டேன். கிட்டார் கிடைச்சா வரேன். கிடைக்கலேன்னா வரமாட்டேன்.”

சொல்லிவிட்டாள். ஆனால் இடதுகைக் கிட்டார் என்ன கத்தரிக்காயா, கூடையில் கிடக்க? புதிதாக ஆர்டர் போட்டால் வந்து சேர இரண்டு மாதம் ஆகும், விலையும் அவள் பட்ஜெட்டைப் போல மூன்று மடங்கு. பழையதாகத் தேடியதில் இரண்டு கிடைத்தன. ஒன்று திருமழிசையில், ஒன்று பூந்தமல்லியில் சரண் என்பவனின் கடையில். இரண்டுமே வலதுகைக் கிட்டாரில் தந்திகளை மட்டும் தலைகீழாக மாற்றிக் கட்டியவை. அப்படிக் கட்டினால் கீழே வாசிக்கும்போது சுதி சேரும், மேலே போகப் போக விலகும். பூந்தமல்லியில் அதை அவள் கண்டுபிடித்துச் சொன்னபோது சரண் சிரித்துக்கொண்டே, “மேடம், உங்களுக்கு வித்தா நான் கடையை மூடிட்டு உங்ககிட்டயே வேலைக்கு வந்துடணும்” என்றான்.

மூன்றாவதாக வந்த விளம்பரம் நெமிலிச்சேரியில். விலை ஆறாயிரம். ‘வீடு காலி செய்கிறோம், சனிக்கிழமைக்குள் எடுக்க வேண்டும்’ என்று போட்டிருந்தது. சனிக்கிழமைக்கு அப்புறம் ஒரு ஞாயிறு, அதற்கு அப்புறம் திங்கள். வனஜா சனிக்கிழமை ஷிப்டுக்கு அரை நாள் பர்மிஷன் போட்டாள். கைப்பையில் ஆறாயிரம் ரூபாய், நீளமான ஸ்டீல் ஸ்கேல், டார்ச், ஃபீலர் கேஜ் எல்லாம் வைத்துக்கொண்டாள். ஃபீலர் கேஜ் என்பது மெல்லிய எஃகுத் தகடுகளை விசிறி மாதிரிக் கோத்த கருவி. எந்த இடுக்கில் எந்தத் தகடு நுழைகிறதோ, அதுதான் அந்த இடுக்கின் அளவு. அது கம்பெனிச் சொத்து இல்லை, அவள் சொந்தமாக வாங்கியது. மற்ற பெண்கள் கைப்பையில் சீப்பு வைத்திருப்பதைப் போல அதை வைத்திருப்பாள்.

துணைக்குப் பத்மா வந்தாள். பேக்கிங் செக்ஷன்காரி, ஆவடியில் பக்கத்து வீடு. வாய் இருக்கிறதே, அதை மட்டும் தனியாக ஒரு பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும்.

“இன்னாடி இது, கிட்டார் வாங்கப் போறியா, இன்ஜினைப் பிரிக்கப் போறியா?” என்று ரயிலில் அந்த ஸ்கேலைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒன்பதரைக்கு அந்த வீட்டு வாசலில் போய் நின்றார்கள். தெருவில் ஒரு லாரி பின்பக்கம் திறந்து காலியாக நின்றது. சுமை தூக்குகிறவர்கள் நான்கு பேர் அதன் நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரி ரேவதி, முப்பத்தைந்து வயதிருக்கும், மதுரைப் பக்கம். கணவருக்கு ஓசூருக்கு மாற்றல். அவர் அங்கே முன்னாலேயே போய் வீடு பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்கக்கா. இம்புட்டு வெள்ளனா வந்துட்டீங்களா?” என்றாள் ரேவதி. “ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன். இன்னைக்கு ராகு காலம் பத்தரைக்குத்தேன் முடியுது. அதுவரைக்கும் இந்த வீட்டை விட்டு ஒரு சாமானும் வெளிய போகாது, யார் காசும் உள்ள வராது. பாக்குறதுன்னா நல்லாப் பாத்துக்கங்க.”

கூடத்தில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கிட்டார் பெட்டி கிடந்தது. நல்ல கெட்டியான பெட்டி. அதன் பூட்டை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான். பூந்தமல்லி சரண்.

“அட, வனஜா மேடம்! நீங்களும் வந்துகீறீங்களா?”

வனஜா கைப்பையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“வந்து பிரயோஜனம் இல்ல மேடம்” என்று சரண் பெருமூச்சு விட்டான். “நானும் பாத்துட்டேன். நெக் பெண்டு. கழுத்து வாழைக்கா மாதிரி வளைஞ்சுகீது. பெட்டி மட்டும் ரெண்டாயிரம் பெறும். அந்த ரெண்டாயிரத்தைக் குடுத்து எடுத்துக்கிறேன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். உள்ள கீறதுக்குக் காலணா தேறாது. வெறகு.”

“விறகோ வீணையோ, எனக்குத் தெரியாதுக்கா” என்றாள் ரேவதி. “எங்க கொழுந்தன் அஸ்வினோடது. துபாய்ல இருக்கு. அதுவும் உங்க மாதிரி பீச்சாங்கைதேன். ஆறாயிரத்துக்குக் குடுத்துருங்க அண்ணின்னுச்சு. இந்தத் தம்பி ரெண்டாயிரங்குது. எனக்கு லாரியில எடமில்ல. பத்தரைக்கு யார் நல்ல வெல சொல்றீங்களோ எடுத்துட்டுப் போங்க.”

வனஜா கூடத்தின் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள்.

தேன் நிறப் பலகை. ஓரங்களில் ஒன்றிரண்டு கீறல். அவள் முதலில் பார்த்தது, கழுத்தின் பக்கவாட்டில் வைத்திருக்கும் சிறு புள்ளிகளை. வாசிக்கிறவர் கண்ணுக்குத் தெரிவதற்காக வைத்த அடையாளம் அது. இடது கைக்காரர் பிடித்தால் எந்த ஓரம் மேலே வருமோ அந்த ஓரத்தில் இருந்தன. பிறகு அடியில் தந்திகள் ஏறி இறங்கும் வெள்ளைத் துண்டைப் பார்த்தாள். அது சற்றுச் சாய்ந்திருக்கும். ஏமாற்றுக் கிட்டாரில் அந்தச் சாய்வு தவறான பக்கம் இருக்கும். இதில் சரியான பக்கம்.  இது மாற்றிக் கட்டியது இல்லை. பிறவி இடது கை. அவளைப் போல.

சரண் தன் போனைப் பார்ப்பவன்போல அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது தந்திகளைத் தாங்கும் கட்டை. தந்தியின் இழுப்பில் பசை விட்டுக் கட்டை எழும்பினால் கிட்டார் அவ்வளவுதான். வனஜா கையிலிருந்த ரயில் டிக்கெட்டின் விளிம்பைக் கட்டைக்கு அடியில் நுழைக்கப் பார்த்தாள். நாலு பக்கமும் நுழையவில்லை. டார்ச்சை ஓட்டைக்குள் விட்டுக் கண்ணை வைத்தாள். உள்சட்டங்கள் ஒட்டியது ஒட்டியபடி இருந்தன. விரிசல் இல்லை. ஒரு கரப்பான் முட்டை மட்டும் இருந்தது. தந்தி அழுந்தும் உலோகப் பட்டைகளை நகத்தால் தடவினாள். தேய்மானம் கொஞ்சம்தான். தந்திகளைச் சுதி கூட்டி ஒவ்வொன்றாக மீட்டினாள். அந்தச் சத்தம் காலி வீட்டுச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தபோது வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நல்லாக் கீதேடி” என்றாள் பத்மா.

“சும்மா இரு.”

கடைசியாகக் கழுத்து. வனஜா ஸ்டீல் ஸ்கேலை எடுத்து உலோகப் பட்டைகளின்மேல், தந்திகளுக்கு இடையில், நீளவாக்கில் செங்குத்தாக நிறுத்தினாள். ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து வந்தது. இரண்டு முனையிலும் ஸ்கேல் உட்கார்ந்திருந்தது. நடுவில், ஸ்கேலுக்கு அடியில், மெல்லிய வெளிச்சக் கோடு.

அவள் கை ஃபீலர் கேஜுக்குப் போயிற்று. பத்து நுழைந்தது. இருபது நுழைந்தது. இருபத்தைந்து லேசாக உரசிக்கொண்டு நுழைந்தது. முப்பது நுழையவில்லை. மில்லிமீட்டரில் நூறில் இருபத்தைந்து பங்கு. கால் மில்லிமீட்டர்.

“இன்னா மேடம், நான் சொன்னேன் இல்ல?” என்றான் சரண்.

அவன் சொன்னதற்காக அவள் நம்பவில்லை. அவன் மழை பெய்கிறது என்றால் அவள் வாசலுக்குப் போய்க் கை நீட்டிப் பார்த்துத்தான் குடை எடுப்பாள். ஆனால் தகடு சொன்னது. தகடு பொய் சொல்லாது. அவளுடைய மேசையில் கால் மில்லிமீட்டர் வளைந்த தண்டு வந்தால் இரண்டாவது தடவை பார்க்கக்கூட மாட்டாள். இன்னொரு தடவை அளந்தாள். அதே இருபத்தைந்து. கிட்டாரைத் தலைமாற்றித் திருப்பி வைத்து அளந்தாள். அதே இருபத்தைந்து.

ஆசிக்குக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை காலை வகுப்பில் அவர் போனைத் தொடமாட்டார். மறுபடி போட்டாள். மறுபடியும் மணிதான்.

பத்து மணி ஆகி ஐந்து நிமிடம். ரேவதி எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, தேறுமா?”

வனஜா பதில் சொல்வதற்குள் அவளுடைய இடது கை தானாக ஒரு காரியம் செய்துவிட்டது. கைப்பையின் பக்க அறையில் கிடந்த ஸ்டிக்கர் சுருளிலிருந்து ஒரு சிவப்புப் பொட்டைக் கிழித்து, கிட்டாரின் கழுத்தில் ஒட்டியது. இருபத்தோரு வருடப் பழக்கம். கை அளந்தது, கை ஒட்டியது, இடையில் வனஜாவை யாரும் கேட்கவில்லை.

“என்னக்கா அது, பொட்டு?”

“ரிஜெக்ட்” என்றாள் வனஜா. குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. “கழுத்து வளைஞ்சிருக்குங்க. எனக்கு வேணாம்.”

சரண் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்ததற்கு அடையாளம் இல்லாமல் போயிற்று. பத்மா அதைப் பார்த்துவிட்டாள். ஆனால் வனஜா அதற்குள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனுக்கு எட்டு நிமிட நடை. வனஜா நடக்கும்போது இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டே நடந்தாள், ஏதோ அடிபட்ட கையைப் பிடிப்பதைப் போல. திங்கட்கிழமை முகப்பேருக்குப் போகப்போவதில்லை. எட்டு மாதம் ஒரு கை சொந்த இஷ்டத்துக்கு இருந்தது. அது போதும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். போதவில்லை.

பிளாட்பாரத்தில் நின்றபோது பத்மாவுக்குத் தாங்கவில்லை.

“ஏண்டி, எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் டப்பா ஒட்டுறவ. கேக்குறேன், சொல்லு. கழுத்து எவ்ளோ வளைஞ்சுகீது?”

“கால் மில்லிமீட்டர்.”

“எவ்ளோ இருக்கணும்?”

வனஜா திரும்பிப் பார்த்தாள்.

“இல்லடி, நம்ம கம்பெனில ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பேப்பர் வெச்சுகினு இருப்பியே, படம் போட்டு, இதுலேருந்து இதுவரைக்கும் இருக்கலாம்னு. போன மாசம் அந்தப் புதுப் பொண்ணு பேப்பர் பாக்காம ரிஜெக்ட் போட்டுச்சுன்னு அழ வெச்சியே. இந்தக் கிட்டாருக்கு அந்தப் பேப்பர் எங்க?”

அந்த நேரம் வனஜாவின் முகம் எப்படி இருந்தது என்று பத்மா பிற்பாடு ஆவடி முழுக்க நடித்துக் காட்டியிருக்கிறாள். வாய் திறந்திருந்ததாம், உள்ளே ஒரு காகம் கூடு கட்டலாமாம். கதையின் காகத்தை விட்டுவிடுங்கள். வாய் திறந்திருந்தது உண்மை. வரைபடம் இல்லாமல், எவ்வளவு இருக்கலாம் என்று தெரியாமல் அவள் பொட்டு வைத்திருக்கிறாள். நேராக இருப்பதுதான் நல்லது என்று யார் சொன்னது? தண்டுக்கு அப்படி. கிட்டாருக்கு?

ஆவடி பக்கம் போகும் ரயில் தூரத்தில் தெரிந்தது. வனஜா போனை எடுத்தாள். மணி அடித்தது. அடித்தது. ரயில் உள்ளே வந்து நின்றது. பத்மா ஒரு காலை ஏற்றி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஏறுடி, ஏறு!” என்றாள்.

“சொல்லுங்கக்கா” என்றார் ஆசிக், போனில்.

“சார், ஒரே கேள்வி. கிட்டார் கழுத்து நேரா இருக்கணுமா?”

“நேராவா?” ஆசிக் சிரித்தார். “சுத்தமா நேரா இருந்தா தந்தி போய்ப் பட்டையில அடிக்கும்க்கா, கரகரன்னு. தந்தி ஆடுறதுக்கு எடம் வேணாமா? நடுவுல லேசா ஒரு பள்ளம் இருக்கணும். ஒரு விசிட்டிங் கார்டு கனம்.”

“கால் மில்லிமீட்டர்?”

“அதேதான். கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் உள்ள ஒரு கம்பி இருக்கும், திருகினா சரியாயிடும். ஏன், கிடைச்சிடுச்சா?”

வனஜா போனை வைத்தாள். மணி பத்து இருபத்தொன்று. ரயில் ஊதியது. பத்மா ஏற்றிய காலை இறக்கினாள்.

“ஓடு” என்றாள் வனஜா.

வனஜாவும் பத்மாவும் நெமிலிச்சேரித் தெருவில் ஓடிய ஓட்டத்தில் மூன்று நாய்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டன. ஒரு பால்காரர் தன் வண்டியை நிறுத்தி, “யாருக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்டார். பத்மா ஓடிக்கொண்டே, “கழுத்துல வளைவு கீதாம்!” என்றாள். அவர் அன்றைக்கு முழுக்க யாருக்கோ கழுத்து முறிந்துவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அவர்கள் கூடத்துக்குள் நுழைந்தபோது பத்து இருபத்தாறு. சரண் பெட்டியை மூடி, பூட்டி, மடியில் வைத்துக்கொண்டிருந்தான். கையில் இரண்டாயிரம் ரூபாய் மடித்துத் தயாராக இருந்தது. ரேவதி சுவர்க் கடிகாரத்தைக் கடைசிச் சாமானாகக் கழற்றாமல் விட்டுவைத்திருந்தாள். அது பத்தரை காட்ட வேண்டும் என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆறாயிரம்” என்றாள் வனஜா, மூச்சு வாங்க. “எனக்கு வேணும்.”

“மேடம், ஆட்டம் முடிஞ்சுபோச்சு” என்று சரண் எழுந்தான். “நீங்களே வேணாம்னு பொட்டு வெச்சுட்டுப் போனீங்க. அக்கா எனக்கு வாக்குக் குடுத்துட்டாங்க.”

“ராகு காலத்துல சொன்னது வாக்கில்ல தம்பி, பேச்சு” என்றாள் ரேவதி. பிறகு வனஜா பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இருந்தது. “ஆனா நீங்க என்னக்கா இது? இருபது நிமிசத்துக்கு முன்னாடி சிவப்புப் பொட்டு வச்சு என் மூஞ்சிக்கு நேரா ரிஜெக்டுன்னீங்க. இப்ப ஓடியாந்து ஆறாயிரங்கிறீங்க. நான் எதை நம்புறது?”

“நாலாயிரம்” என்றான் சரண் இடையில்.

ரேவதி மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள். “விறகுன்னீங்களே தம்பி?”

“ஆணி, தந்தி, அதெல்லாம் வேற ஒண்ணுக்குப் போடலாம்க்கா. சரி, ஆறு. நானும் ஆறு தரேன்.”

 சுமை தூக்குகிறவர்கள் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். கடிகாரத்தில் முள் ஒன்று நகர்ந்தது.

“அக்கா” என்றாள் ரேவதி வனஜாவிடம். “நீங்க சாமான் பாத்து நல்லது கெட்டது சொல்ற வேலைன்னு அந்தம்மா சொல்லுச்சு. எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்களே சொல்லுங்க. இது நல்லதா, கெட்டதா? எம்புட்டுப் பெறும்?”

வனஜாவின் கைப்பையில் ஆறாயிரம்தான் இருந்தது. நல்லது என்றால் விலை ஏறும். சரண் எவ்வளவுக்கும் போவான், அவனுக்கு வியாபாரம். சுமார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொய்கூட இல்லை, ஓரத்தில் கீறல் இருக்கத்தானே செய்கிறது. ஒரே ஒரு வார்த்தை. பத்மா பின்னாலிருந்து அவள் முதுகில் விரலால் குத்தினாள், சொல்லாதே, சொல்லாதே என்று.

வனஜா சரண் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தரையில் வைத்துப் பூட்டைத் திறந்தாள். அவனும் தடுக்கவில்லை. கழுத்தில் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, மெல்ல உரித்து எடுத்தாள். இருபத்தோரு வருடத்தில் முதல் தடவை.

“அளந்தது சரி” என்றாள். “தீர்ப்புதான் தப்பு. அந்த வளைவு இருக்கணும், இருந்தாத்தான் வாசிக்க முடியும். எனக்குத் தெரியல. தெரியாமப் பொட்டு வெச்சேன். இது நல்லதுங்க. ரொம்ப நல்லது. இடது கைக்காகவே செஞ்சது. நீங்க போட்ட விலை கம்மி. பெட்டியோட எட்டு, ஒன்பது கேட்டாலும் தகும். என்கிட்ட ஆறுதான் இருக்கு.”

“போச்சு” என்று பத்மா தலையில் கை வைத்துக்கொண்டு ஓர் அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். உள்ளே ஏதோ நொறுங்கியது. யாரும் கவனிக்கவில்லை.

“எட்டு” என்றான் சரண் உடனே. பையிலிருந்து இன்னொரு மடிப்பு நோட்டு வெளியே வந்தது.

ரேவதி கிட்டாரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபத்தொன்பது. அவள் உதடு மட்டும் அசைந்தது, கணக்குப் போடுகிறவளைப் போல.

“தம்பி, இந்தப் பெட்டி மட்டும் எம்புட்டுப் பெறும்னீங்க?”

“பெட்டியா?” சரண் கொஞ்சம் தடுமாறினான். “ரெண்டாயிரம்…”

“பீச்சாங்கைக் கிட்டாருக்குத்தேன் அந்தப் பெட்டியா, இல்ல எதுக்கும் ஆகுமா?”

“பெட்டிக்கு ஏதுக்கா கை? எல்லாத்துக்கும் ஆகும்.”

“அப்ப நீங்க சொன்ன வெலைக்குப் பெட்டியை நீங்க எடுத்துக்கங்க” என்றாள் ரேவதி. “உள்ள இருக்கிற விறகை அக்கா எடுத்துக்கிறட்டும், ஆறாயிரத்துக்கு. எனக்கு எட்டு வந்துருச்சு. விறகை வச்சு நீங்க என்ன செய்யப்போறீங்க?”

வாசலில் நின்றவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சரண் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். விறகு என்று அவன் சொன்னது கூடத்திலும் வாசலிலுமாக ஏழு பேருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டான். அவன் கெட்டவன் என்று சொல்லமாட்டேன், வியாபாரி. பெட்டியின் பூட்டை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தான். அந்தப் பெட்டி நாலாயிரத்துக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியும்.

“வனஜா மேடம்” என்றான் கடைசியில், “நான் கடையை மூடிட்டு இந்த அக்காகிட்டதான் வேலைக்குப் போகணும்.”

முள் பத்தரையைத் தொட்டது. வனஜா ரூபாயை நீட்டினாள்.

“அக்கா, வலது கை” என்றாள் ரேவதி. “ஊரு மாறுறோம்ல.”

வனஜா ரூபாயை வலது கைக்கு மாற்றிக் கொடுத்தாள். கிட்டாரை இடது கையால் வாங்கினாள். ரேவதி அதைப் பார்த்தாள். பாத்திரம் சுற்ற வைத்திருந்த பழைய பூப்போட்ட போர்வை ஒன்றை எடுத்துக் கிட்டாரைக் கழுத்துவரை சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். அதற்குள் முதல் பீரோ லாரியில் ஏறிக்கொண்டிருந்தது.

ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் போர்வையைப் பார்த்துவிட்டு, “எத்தினி மாசக் கொழந்தைம்மா?” என்று கேட்டார். கிட்டாரின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடி போடவில்லை.

“எட்டு மாசம்” என்றாள் பத்மா. “இன்னைக்குத்தான் ஊட்டுக்கு எடுத்துகினு போறோம்.”

வனஜாவின் இடது கட்டைவிரலில் அந்தச் சிவப்புப் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எதில் ஒட்டுவது என்று தெரியாமல் அவள் அதை அப்படியே வைத்திருந்தாள். பத்மா அதைப் பார்த்தாள். அதை விரலிலிருந்து பிய்த்து, வனஜாவின் நெற்றியில் நடுவாக ஒட்டினாள்.

“ரிஜெக்ட் ஆனது கிட்டார் இல்லடி, நீ குடுத்த தீர்ப்பு” என்றாள். “இருக்கட்டும். ஆவடி வரைக்கும் எடுக்காத.”

வனஜா எடுக்கவில்லை. போர்வையின் முடிச்சை அவிழ்த்தாள். வலது கை கழுத்தைப் பிடித்தது. கால் மில்லிமீட்டர் வளைவு உள்ளங்கைக்குத் தெரியவே இல்லை. பட்டாபிராம் தாண்டும்போது, இடது கை தந்திகளின்மேல் ஒரு தடவை இறங்கியது.